குழாயடி நாய்வேளை, சுவர் விரிசல் நாய்வேளை: இது பரிணாமமா, வளர்ப்பா?

#1 வேலியோரம்

வீட்டுக்குப் பின்னால் சொட்டுகிற குழாய் ஒன்று. சுற்றிலும் எப்போதும் ஈரம். அங்கே தானாக முளைத்த நாய்வேளை என் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. அகலமான இலை, விரல் பருமனில் தண்டு. அங்கிருந்து பத்தடி தள்ளிப் பழைய சுற்றுச்சுவர். அதன் விரிசலில் இன்னொரு நாய்வேளைக் கூட்டம். ஒரு சாண் உயரம்தான். இலை சுண்டிப்போய்த் தடித்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. ஆனால் சுவர்ச்செடி பூத்துக் காய்த்து நெற்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. குழாயடிச் செடி இப்போதுதான் மொட்டு விடுகிறது.

இரண்டும் ஒரே இனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நாலிதழ் மஞ்சள் பூ, அதே நெடி. சுவர்ச்செடி வறட்சிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டதா? இயற்கைத் தேர்வு என்று படித்தோமே, அது என் வீட்டுச் சுவரில் நடக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சருகு

நடக்கிறது என்றுதான் சொல்வேன். செடிக்கு அறிவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மண் காய்ந்ததும் வேர் உணர்கிறது, இலைக்குச் செய்தி போகிறது, இலை சிறுக்கிறது, பூ முந்துகிறது. தாய்ச்செடி பட்ட பாட்டை விதைக்கும் சொல்லி அனுப்புகிறது. நாலைந்து தலைமுறை சுவரிலேயே வளர்ந்தால் அது சுவர்ச்செடியாகவே ஆகிவிடும். பரிணாமம் என்பது இதுதானே?

#3 அடிவேர்

சருகு சொன்னதில் பெரும்பகுதி சரி, கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஒரு செடி தன் வாழ்நாளில் தண்ணீருக்கு ஏற்ப உருவத்தை மாற்றிக்கொள்வது உண்மை. அதை வளைந்துகொடுக்கும் தன்மை என்று சொல்லலாம். ஒரே விதைக்கு இரண்டு வளர்ப்பு. குழாயடியில் விழுந்திருந்தால் நெட்டையாகியிருக்கும், விரிசலில் விழுந்ததால் குட்டையாகிவிட்டது. இதில் மரபணு எதுவும் மாறவில்லை.

இயற்கைத் தேர்வு வேறு கணக்கு. அதற்கு மூன்று விஷயம் வேண்டும். கூட்டத்தில் செடிக்குச் செடி வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் விதை வழியே பிள்ளைக்குப் போக வேண்டும். அப்புறம், அந்த வித்தியாசத்தால் சில செடிகள் மற்றவற்றைவிட அதிகம் விதை விட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் கூட்டத்தின் சராசரி நகரும். எந்தச் செடியும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் பிறந்தபடியே வாழ்ந்து சாகிறது. மாறுவது கூட்டம்.

வேலியோரம், உங்கள் சுவரில் நடப்பது இதில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கலாம். பழைய முறைதான்: இரண்டு இடத்து விதையையும் எடுத்து ஒரே இடத்தில், ஒரே மண்ணில் வளர்ப்பது. வித்தியாசம் மறைந்தால் அது வளர்ப்பு. நிலைத்தால் அது பிறப்பு. கிளாசன், கெக், ஹைசி என்ற மூவரும் கலிஃபோர்னியாவில் கடலோரம் ஒட்டிய ஸ்டான்ஃபோர்டு, நடுமலையில் மாத்தர், 3,000 மீட்டருக்கு மேலே டிம்பர்லைன் என மூன்று தோட்டம் போட்டு, ஒரே செடியின் துண்டுகளை மூன்றிலும் நட்டுப் பார்த்தார்கள். ஒரே செடி இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது, எந்த அளவுக்கு மேல் மாற மறுக்கிறது என்பதை 1940களிலேயே அந்த வேலை அழகாகக் காட்டிவிட்டது.

உங்களுக்கு மூன்று மலை வேண்டாம், இருபது முப்பது தொட்டி போதும். விதை எடுக்கும்போது ஒரு இடத்தில் மூன்று நான்கு தாய்ச்செடியாவது இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தாய்க்கும் தனி உறை. இது முக்கியம், ஏன் என்று பிறகு தெரியும். தொட்டிகளைக் கலந்து வையுங்கள். குழாயடி எல்லாம் ஒரு பக்கம், சுவர் எல்லாம் மறுபக்கம் என்று அடுக்கினால் வெயிலே உங்களை ஏமாற்றிவிடும்.

#4 வேலியோரம்

செய்கிறேன். இன்றைக்கே நெற்று பறிக்கிறேன். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், இந்த இழையை மூடிவிடாதீர்கள்.

#5 தூறல்

கல்லூரி மாணவி நான். பாடத்தில் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துப் படத்தைத் தாண்டி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வறட்சியால் காட்டுச்செடி ஒன்று உண்மையில் பரிணாமம் அடைந்ததை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா ஐயா? லட்சம் வருடம் ஆகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#6 அடிவேர்

அளந்திருக்கிறார்கள் அம்மா. ஏழே வருடம்.

பிராசிகா ராப்பா என்று ஒரு கடுகு இனம். தெற்குக் கலிஃபோர்னியாவில் களையாகக் கிடக்கும். ஒரு வருடச் செடி: குளிர்கால மழையில் முளைத்து, மழை நின்று மண் காய்வதற்குள் பூத்து விதைவிட்டுச் சாக வேண்டும். 1997இல் அங்கே இரண்டு இடங்களில் இதன் விதைகளைச் சேகரித்து வைத்திருந்தார்கள். ஒன்று சீக்கிரம் காய்ந்துவிடும் மணற்பாங்கான இடம், மற்றது ஈரம் தங்கும் இடம். அப்புறம் தொடர் வறட்சி, 2004 வரை நீண்டது. மழைக்காலமே சுருங்கிப்போனது. 2004இல் அதே இரண்டு இடங்களில் மறுபடி விதை எடுத்தார்கள்.

இப்போது கையில் வறட்சிக்கு முந்திய முன்னோரும் பிந்திய சந்ததியும் விதையாக இருக்கின்றன. ஸ்டீவன் ஃபிராங்க்ஸ், ஆர்தர் வைஸ் குழு இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கூரைக்குக் கீழே வளர்த்தது. பாட்டியும் பேத்தியும் ஒரே வயதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். முதல்முறை படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

சந்ததி முன்னோரைவிடச் சீக்கிரம் பூத்தது. காய்ந்த இடத்துக் கூட்டத்தில் சுமார் 2 நாள் வித்தியாசம். ஈர இடத்துக் கூட்டத்தில் 8 நாளுக்கு மேல். 2007இல் வெளிவந்தது.

ஈர இடத்தில் ஏன் அதிகம் என்று கேட்பீர்கள். காய்ந்த இடத்துச் செடிகள் எப்போதுமே அவசரக்காரர்கள். அங்கே ஒவ்வொரு வருடமும் மண் சீக்கிரம் காய்ந்து, தாமதமாகப் பூப்பவற்றை முன்பே கழித்துவிட்டிருந்தது. ஈர இடத்தில் நிதானமாகப் பூப்பவையும் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தன. வறட்சி வந்ததும் அங்கே கழிக்க நிறைய இருந்தது.

#7 சருகு

மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். 2004இல் எடுத்த விதைகளின் தாய்கள் வறட்சியில் வாடியவை. அந்த அனுபவத்தின் தடம், டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் போன்றவை, விதையில் வந்திருக்கலாமே? அதனாலேயே சீக்கிரம் பூத்திருக்கலாம். இன்னொன்று: 1997 விதை ஏழு வருடம் டப்பாவில் கிடந்தது. பழைய விதை மந்தமாக முளைத்து மந்தமாகப் பூக்காதா?

#8 அடிவேர்

இரண்டும் நல்ல கேள்வி. ஆய்வு செய்தவர்களும் இதற்குப் பயந்துதான் திட்டம் போட்டார்கள். சேகரித்த விதையை நேரடியாக அளக்கவில்லை. முதலில் இரு தரப்பையும் ஒரே மாதிரி நிலைமையில் ஒரு தலைமுறை வளர்த்து, அதில் கிடைத்த புது விதையைத்தான் சோதனைக்கு எடுத்தார்கள். தாய் வாடியதால் விதை சிறுத்தது, டப்பாவில் கிடந்ததால் சோர்ந்தது போன்ற வித்தியாசங்கள் அந்த ஒரு தலைமுறையில் பெரும்பாலும் கழன்றுவிடும்.

அதோடு முன்னோரையும் சந்ததியையும் கலந்து ஒரு கலப்பும் உண்டாக்கினார்கள். அது இரண்டுக்கும் நடுவில் பூத்தது. மரபணு வித்தியாசம் பாதிப் பாதியாகச் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

நீங்கள் சொல்லும் தடங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. சில குறிகள் தலைமுறை கடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மன அழுத்தத்தால் நமக்கு வந்த நரை பிள்ளைக்குப் போகாதது போல, வாடியதால் ஒட்டிய குறிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. ஒரு கூட்டத்தை நிரந்தரமாக நகர்த்த அது போதாது.

#9 இலைத்துளை

அடிவேர் அண்ணா அந்தக் கடுகுக் கதையின் பாதியைத்தான் சொன்னார். எனக்குப் பிடித்தது மறுபாதி.

தண்ணீர்ச் சிக்கனம் என்று ஒன்று இருக்கிறது. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். அதே வாசல் வழியாகத்தான் நீராவி வெளியே போகும். பாடநூல் கணக்குப்படி, சாதாரணச் செடி ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பிடிக்க ஏறக்குறைய 400 மூலக்கூறு தண்ணீரை விடுகிறது. எவ்வளவு குறைவாக விட்டுப் பிடிக்கிறதோ அவ்வளவு சிக்கனம். வறட்சியில் அடிபட்டு மீண்ட கூட்டம் சிக்கனம் கூடியதாக இருக்கும் என்றுதானே எவரும் நினைப்போம்?

அளந்தபோது தலைகீழ். வறட்சிக்குப் பிந்திய கடுகின் சிக்கனம் முன்னோரைவிடக் குறைந்திருந்தது! துளையை நன்றாகத் திறந்துவைத்து, தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்து, மளமளவென்று வளர்ந்து, மண் காய்வதற்குள் வேலையை முடித்துவிடுகிற செடி அது. வறட்சியைத் தாங்கியதாகவே சொல்ல முடியாது. வறட்சி வருவதற்குள் கிளம்பிவிட்டது.

இதனால்தான் 'வறட்சியைத் தாங்கும் செடி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. வழிகள் குறைந்தது மூன்று. இந்தக் கடுகைப் போலத் தப்பி ஓடுவது ஒன்று. துளையை மூடி, மெழுகு பூசி, ஆழமாக வேர் விட்டு உடம்புக்குள் ஈரத்தைக் காப்பது இன்னொன்று. உடம்பே காய்ந்தாலும் சாகாமல் கிடப்பது மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வேகமாக வளரத் துளை திறக்க வேண்டும், சேமிக்க மூட வேண்டும். ஒரே செடி இரண்டிலும் கெட்டிக்காரனாக இருப்பது அரிது.

இன்னொரு விலையும் கொடுத்திருக்கிறது. அதே கடுகுகளில் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையை ஏற்றிப் பார்த்தபோது, வறட்சிக்குப் பிந்தியவை அதிகம் நோயில் விழுந்தன. 2016இல் வெளிவந்த ஆய்வு அது. மழைக்காலம் சுருங்கிய வருடங்களில் அவசரம் லாபம். பூஞ்சைக்கு வசதியான ஈர வருடங்கள் வரிசையாக வந்தால் அதே அவசரம் நஷ்டமாகலாம்.

#10 முள்ளி

மூன்று வழி என்றதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. கள்ளிகளைப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா?

நாம் தமிழில் சதுரக்கள்ளி என்கிறோம், சப்பாத்திக்கள்ளி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் இரண்டும் உறவே இல்லை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய காக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளி நம் ஆமணக்கின் குடும்பம். சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும் (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆபத்தானது). சப்பாத்தியில் பால் கிடையாது. சதுரக்கள்ளியின் முள் இரண்டிரண்டாக ஜோடி போட்டு விளிம்பில் நிற்கும். சப்பாத்தியின் முள் சின்னப் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒரு மேட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்புறம் மறக்கவே மாட்டீர்கள்.

வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு மூதாதையிலிருந்து கிளம்பி, இலையைத் துறந்து, தண்டைப் பச்சையாக்கித் தண்ணீர்த் தொட்டியாக்கி, முள் போர்த்தி, கடைசியில் ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நம் முன்னோர் இரண்டையும் கள்ளி என்று அழைத்தது வகைப்பாட்டில் பிழையாக இருக்கலாம். வறட்சி ஒரே அச்சில் வார்த்திருக்கிறது என்பதை அந்தப் பெயர் சரியாகப் பிடித்திருக்கிறது.

இரண்டுமே இரவில் துளை திறப்பவை. வெயிலில் திறந்தால் தண்ணீர் போகும் என்று, குளிர்ந்த இரவில் கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் வாசலைச் சாத்திக்கொண்டு அதை எடுத்துச் சமைக்கின்றன. இதைக் கண்டதில் ரணகள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்துக் கடிதம் எழுதினார், 1815இல் அச்சானது: காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு.

நான் கடித்துப் பார்க்கவில்லை, நீங்களும் கடிக்காதீர்கள், அதில் நச்சுப்பொருள் உண்டு. பிஎச் தாள் வாங்கிவந்தேன். விடியுமுன் ஒரு இலையைக் கிள்ளித் தாளில் நசுக்கினேன்: ஆரஞ்சு. அதே செடியில் சாயங்காலம் இன்னொரு இலை: வெளிறிய மஞ்சள். இரவெல்லாம் சேர்த்த அமிலம் பகலில் செலவாகிவிட்டது. அந்த இரண்டு தாளையும் நோட்டுப்புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

#11 இலைத்துளை

அருமை முள்ளி. அப்படி இரவில் திறக்கும் செடிகளுக்கு அந்த 400 என்ற எண் 50ஐ ஒட்டி இறங்கிவிடும். வளர்ச்சி மெதுவாகும், அதுதான் விலை.

வேலியோரத்துக்கு ஒரு செய்தி. உங்கள் நாய்வேளைக்கு நல்வேளை என்று ஒரு பங்காளி இருக்கிறது, வெள்ளையாகப் பூக்கும். நாய்வேளை சாதாரண ஒளிச்சேர்க்கைதான், சி3. நல்வேளை சி4: இலைக்குள்ளேயே கரியமில வாயுவை அடர்த்தியாக்கிக்கொள்ளும் ஏற்பாடு, சோளம், கரும்பு மாதிரி. இப்படி ஒரு சிக்கலான இயந்திரம் பூக்கும் தாவரங்களில் அறுபது முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வேளைச் செடிகளுக்குள் அந்த எல்லைக்கோடு ஓடுகிறது.

#12 வேலியோரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், கொஞ்சம் மனம் தளர்ந்துதான் வருகிறேன். இரண்டு இடத்திலும் மும்மூன்று தாய். இடத்துக்கு 60 விதை போட்டேன். குழாயடி விதையில் முளைத்தது 19. சுவர் விதையில் 14. தண்ணீர், மண், வெயில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விதை பறித்த விதத்தில் தவறு செய்துவிட்டேனா? முக்கால்வாசி வீணாகிவிட்டது.

#13 அடிவேர்

வீணாகவில்லை! முளைக்காத அந்த 87 விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் கணிசமானவை உயிரோடு தூங்குகின்றன. நாய்வேளை விதைக்கு உறக்கம் உண்டு. அந்த உறக்கமே தேர்வு செதுக்கிய வறட்சிக் கவசங்களில் ஒன்று.

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல மழை வருடத்தில் முளைத்த ஒரு செடி 10 விதை விடும், கெட்ட வருடத்தில் முளைத்தது எல்லாம் சாகும். எல்லா விதையும் உடனே முளைக்கும் குடும்பம் ஒன்று, பாதி மட்டும் முளைக்கும் குடும்பம் ஒன்று. இரண்டும் 100 விதையோடு தொடங்குகின்றன.

நல்ல வருடம்: முதல் குடும்பம் 1,000 ஆகிறது. இரண்டாவதில் 50 முளைத்து 500 விதை, மண்ணில் தூங்கிய 50, மொத்தம் 550. அவசரக் குடும்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறது.

அடுத்து கெட்ட வருடம்: முதல் குடும்பத்தின் 1,000மும் முளைத்து 1,000மும் கருகுகிறது. பூஜ்யம். இரண்டாவதில் 275 முளைத்துக் கருக, 275 மண்ணுக்குள் பத்திரம்.

ஒரு முறை பூஜ்யம் வந்தால் அதற்கு முன்னால் எத்தனை நல்ல வருடம் இருந்தாலும் பயனில்லை. பெருக்கல் கணக்கின் குணம் அது. (மண்ணில் கிடக்கும் விதையில் கொஞ்சம் எறும்புக்குப் போகும், அழுகும், அதை விட்டுவிட்டேன்.) டான் கோகன் 1966இல் இதைக் கணிதமாக எழுதினார். கணிதம் மட்டும் என்றால் நானும் தயங்குவேன். அரிசோனாவில் டூசான் நகருக்குப் பக்கத்தில் டூமமாக் குன்று என்று ஒரு இடம், 1903இலிருந்து பாலைவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே லாரன்ஸ் வெனபிள் குழு 1980களிலிருந்து வருடா வருடம் ஒரு வருடச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணி வந்திருக்கிறது: எத்தனை முளைத்தது, எத்தனை பிழைத்தது, எத்தனை விதை விட்டது. கணிதம் சொன்னதே அங்கே கிடைத்தது. எந்த இனத்தின் விளைச்சல் வருடத்துக்கு வருடம் அதிகம் ஏறி இறங்குகிறதோ, அந்த இனம் தன் விதையில் குறைந்த பங்கைத்தான் ஒரு வருடத்தில் முளைக்க விடுகிறது.

மண்ணைக் கலைக்காமல் அந்தத் தட்டுகளை அப்படியே வைத்திருங்கள். காயவிட்டு மறுபடி நனையுங்கள்.

#14 தூறல்

இதெல்லாம் படிக்கப் படிக்க ஒரு கேள்வி. இத்தனை வழி இருக்கும்போது, இத்தனை கோடி வருடத்தில் எல்லாச் செடியும் வறட்சிக்குத் தயாராகியிருக்க வேண்டாமா? ஒரு வறட்சி வந்தால் காடே ஏன் காய்கிறது?

#15 இலைத்துளை

மரத்துக்குள் தண்ணீர் மேலே போவது தள்ளப்பட்டு அல்ல, இழுக்கப்பட்டு. இலை நீரை விட விட, தண்ணீர் ஏறும் சைலம் குழாயில் நீர்த்தண்டு நரம்பு போல இறுகி நிற்கும். மண் காயக் காய இழுவிசை கூடும். ஒரு அளவு தாண்டினால் காற்றுக்குமிழி புகுந்து அந்தக் குழாய் அறுந்துபோகும். நிறையக் குழாய் அறுந்தால் மரம் தாகத்தில் சாகும்.

இந்த எல்லையைத் தள்ளிப்போட முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேலிட்ரிஸ் டியூபர்குலேட்டா என்ற ஊசியிலை மரம் 18.8 மெகாபாஸ்கல் இழுவிசையில்தான் தன் கடத்துதிறனில் பாதியை இழக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 185 மடங்கு. அதற்கு விலை, தடித்த சுவரும் குறுகலான குழாயும், மிக மெதுவான வளர்ச்சியும். மழைக்காட்டில் அப்படி ஒரு மரம் நின்றால் பக்கத்து மரம் வேகமாக எழுந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். அங்கே அந்தக் கவசம் பாரம்.

2012இல் 81 இடங்களின் 226 மர இனங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். 70 சதவீத இனங்கள் தங்கள் ஆபத்துக் கோட்டிலிருந்து ஒரு மெகாபாஸ்கலுக்கும் குறைவான இடைவெளியில்தான் வாழ்கின்றன. ஈரக்காடு, வறண்ட காடு இரண்டிலும் இதே நிலை. எனக்கு இந்த முடிவு மிகவும் வலித்தது. ஈரக்காட்டு மரமும் தனக்குப் பழகிய மழையை நம்பி விளிம்பில் நிற்கிறது. தேர்வு நேற்றைய மழைக்குத்தான் செதுக்கும், நாளைய மழை அதற்குத் தெரியாது. கடுகுக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை, ஏழு வருடத்தில் நகர்ந்துவிட்டது. ஒரு தலைமுறைக்குப் பல பத்தாண்டு எடுக்கும் மரத்தால் அந்த வேகத்தில் நகர முடியாது.

#16 முள்ளி

வேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலஹாரியில் போசியா மரத்தின் வேரை 68 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். காக்டஸ்களின் வேரோ பெரும்பாலும் மண்ணின் மேல்தோலிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கும், தூறல் விழுந்த உடனே உறிஞ்ச. பாலைவனத்தில் இரண்டு கணக்குமே பலிக்கின்றன.

#17 சருகு

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆப்பிரிக்காவின் மிரோதாம்னஸ் போன்ற உயிர்த்தெழும் செடிகள் உடம்பின் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, மழை பெய்த ஒரு நாளில் பச்சையாகின்றன. சர்க்கரை வகைகள் செல்லுக்குள் கண்ணாடி போல உறைந்து புரதங்களைக் காப்பாற்றுவதாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வித்தை எங்கிருந்து வந்தது?

#18 அடிவேர்

விதையிலிருந்து. காய்ந்து கிடந்து உயிர் காப்பது எல்லா நெல்லும் கடுகும் செய்கிற வேலைதானே. விதைக்குள் இயங்கும் அதே காப்புப் புரதங்களும் சர்க்கரைகளும் இந்தச் செடிகளில் இலைக்குள்ளும் இயங்குகின்றன. தேர்வு புதிதாக எதையும் வாங்கிவருவதில்லை. வீட்டில் கிடப்பதை எடுத்து வேறு இடத்தில் பொருத்திவிடும்.

#19 வேலியோரம்

முடிவு வந்துவிட்டது. நடுவில் ஒரு நற்செய்தி: காயவிட்டு நனைத்ததும் தூங்கியவற்றில் இன்னும் 22 முளைத்தன!

சோதனைக்கு எடுத்தது முதலில் முளைத்தவை. ஆறு தாய், தாய்க்கு நாலு பிள்ளை, மொத்தம் 24 தொட்டி. ஒவ்வொரு தாயின் பிள்ளையிலும் இரண்டுக்குத் தாராளமாகத் தண்ணீர், இரண்டுக்கு வாடத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர்.

தாராளமாகக் குடித்தவை, சுவர்ப் பிள்ளை குழாயடிப் பிள்ளை என்ற பேதமே இல்லாமல் நெட்டையாக வளர்ந்தன. காயவிட்டவை எல்லாம் குட்டை, எல்லாம் தடித்த இலை, எல்லாம் முந்திப் பூத்தன. சீட்டைப் பார்க்காமல் எது எந்த இடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே அடிவேர் ஐயா, என் சுவரில் நான் பார்த்தது வளர்ப்புதான்.

ஆனால் ஒன்று. குழாயடித் தாய்களில் 'கு2' என்று குறித்த ஒன்றின் நாலு பிள்ளைகளும் முதலில் பூத்தன. ஈரத் தொட்டியிலும் மற்றவற்றுக்கு 4, 5 நாள் முன்னால், காய்ந்த தொட்டியிலும் முன்னால். அவசரக்காரி இருந்தது சுவரில் அல்ல, ஈரத்தில்!

#20 அடிவேர்

தனித்தனி உறை கேட்டது இதற்குத்தான். எல்லாவற்றையும் கலந்திருந்தால் கு2 சராசரிக்குள் மறைந்திருக்கும்.

குழாய் சொட்டும் வரை சீக்கிரம் பூப்பதால் அதற்குப் பெரிய லாபமில்லை, உடனடி நஷ்டமும் தெரியவில்லை, அதனால் மற்றவற்றோடு கலந்து வாழ்கிறது. குழாய் நின்று இரண்டு மூன்று வருடம் காய்ந்தால் கு2வின் பிள்ளைகள் அந்த இடத்தை நிரப்பலாம். ஈர இடத்துக் கடுகு 8 நாள் நகர்ந்தது இப்படிப்பட்ட செடிகள் அங்கே முன்பே இருந்ததால்தான்.

நாலே பிள்ளை என்பதால் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

#21 சருகு

நான் சொல்ல வந்ததும் அதுதான். கு2 விதைகள் மட்டும் பருத்திருந்து, அதனாலேயே முந்தியிருக்கலாம். இன்னொரு தலைமுறை பார்க்க வேண்டும். தொட்டிச் செடிகளின் பூவுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பூச்சி கலக்காமல் விதை எடுங்கள். முதல் பதிவில் நான் எழுதியதை இப்போது அப்படி எழுத மாட்டேன் அடிவேர்.

#22 வேலியோரம்

பழைய வேட்டியைக் கிழித்துப் பை கட்டிவிட்டேன். கு2விலிருந்து நாலு நெற்று, மற்றவற்றிலிருந்தும் அதேபோல எடுத்து, தாய்க்கு ஒரு காகித உறை. புது விதை கொஞ்ச நாள் தூங்கட்டும், அப்புறம் விதைக்கிறேன்.

#23 அடிவேர்

பாதியை மட்டும் விதையுங்கள். மீதியை நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். என்றைக்காவது அந்தக் குழாயைச் சரிசெய்துவிட்டால், அதற்கு முந்திய கூட்டம் உங்கள் கையில் இருக்கும். உறையின் மேல் தாயின் எண்ணையும் இன்றைய தேதியையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கலங்கிவிடும்.